மேஸ்திரி போனில் மூன்று வாரம்

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் காலைத் தொட்டுக் கேட்கிறேன்: நாளைக் காலை வரை யாரிடமும் காட்டாதீர்கள். அப்பா பார்த்தால் இந்தத் தாளும் இருக்காது, நானும் பள்ளிக்கு வரமாட்டேன். காசநோய் விழிப்புணர்வு விழாவில் நான் பேசப்போவது இதைத்தான். பள்ளியில் எழுதித் தந்ததை அல்ல. இரவில் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

தலைமை தாங்கும் சகாயராணி ஆசிரியை அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, கரும்பு வெட்டை விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கிருமாம்பாக்கத்துத் தோழிகளே, உங்கள் அனைவருக்கும் என் நடுங்கும் வணக்கம்.

என் அக்கா கல்பனாவுக்குக் காசநோய். ஆம், மேடையில்தான் சொல்கிறேன். அங்கே முணுமுணுக்க வேண்டாம். முணுமுணுத்தே மூன்று வாரம் போயிற்று.

அவள் சளியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். எந்த மருந்துக்கு அது அடங்கும், எதற்கு அடங்காது என்று அறிக்கை எழுதினார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமியின் உள்ளத்தையே படிக்கும் நாட்டில், கல்பனாவின் கதவைத் தட்ட ஒரு கை இல்லையா?

அறிக்கை எங்கே போனது? எங்கள் தெருவில் கேஸ், ரேஷன், வங்கி எதற்கும் கரும்பு மேஸ்திரி குமரவேல் அண்ணன் நம்பரைத்தான் எழுதுவோம். ஆஸ்பத்திரி படிவத்திலும் அப்பா அதையே எழுதினார். நேற்று உதவித்தொகைக்கு ஓடிபி பார்க்கப் போனபோது அந்தப் போனில் வந்திருந்த ஆய்வக அறிக்கையில் அக்காவின் பெயரைப் பார்த்தேன். அவள் விழுங்கும் மாத்திரைகளில் இரண்டு பலன் தராது என்று இருந்தது.

"இன்னாண்ணே இது?"

"அதுவா? இங்கிலீசுல இன்னாவோ வந்துச்சு. மூணு வாரம் ஆவுது. உங்கப்பன்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டனே."

ஓடிவந்து அப்பாவிடம் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழம உங்கக்கா நிச்சயதார்த்தம் முடியட்டும்டி. ஆஸ்பத்திரி வண்டி வூட்டு வாசல்ல வந்து நின்னா மாப்ள வூட்டுக்காரங்க இன்னா நினைப்பாங்க? அதுவரைக்கும் வாய மூடு."

"அக்காவுக்காவது சொல்லலாமேப்பா?"

"சொன்னா அவளே நிச்சயதார்த்தத்த நிறுத்திடுவா."

மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? அதை நினைத்தோம். கிருமி என்ன நினைக்கும்? அதை நினைத்தோமா? நிச்சயதார்த்தம் வரை பொறுக்கும் கிருமி எந்த ஊரில் இருக்கிறது? பலன் தராத மாத்திரையைப் பலன் தரும் என்று நம்பி, வாந்தி எடுத்தபின்பும் வாய் கொப்பளித்துவிட்டு, "நாளைக்குச் சரியாயிடும்டி" என்று என்னிடம் சிரிக்கிறாளே, அந்தச் சிரிப்புக்கு இந்தச் சபையில் யார் பதில் சொல்வது?

அப்பாவை அடிக்க வேண்டாம், ஐயா. அவர் பயந்தவர். நானும் பயந்தவள்தான். ஆனால் பயத்துக்கு ஒரு வேளை மருந்து கொடுக்கலாம். அக்காவுக்கு வீணாய்ப்போன வேளைகளை யார் திருப்பித் தருவது? சுகாதாரத் துறையே, அறிக்கையைப் போனுக்கு அனுப்பாதே, ஆளை அனுப்பு. ஆள் கையில் கொடு, அவள் மொழியில் சொல். வாய்ப்புக்கு நன்றி கூறி

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா என்றால் இப்படித் தட்டமாட்டார்.

இருமல் கேட்கிறது.

"தூங்கலியாடி? யார்கிட்ட பேசிட்டிருக்க?"

சபையோரே, மன்னியுங்கள். இதை முதலில் கேட்க வேண்டியவள் வந்துவிட்டாள். திறக்கப் போகிறேன்.