உமரிக்குள்ள ஆறு கம்பி

பரவால்ல சார், எடுத்துக்குங்க. ஆறு இட்லி கீது, எனக்கு எறங்கல. டோக்கன் அறுபத்தி மூணு, இப்பத்தான் இருபத்தொண்ண கூப்புட்றாங்கோ. கலெக்டர்கிட்ட போறதுக்கு மதியம் ஆயிடும்.

பழவேற்காட்டு ஏரி ஓரம் சார் நம்ம குப்பம். மீன் புடிக்கிறவன். இன்னாத்துக்கு வந்தேன்னா, சொல்றதுக்கே கூச்சமா கீது. சேத்தை அளந்தேன், அதுக்குத்தான்.

சிரிக்காதீங்க. காலேஜ்லேர்ந்து காயத்ரி மேடம் வந்து பன்னெண்டு இரும்புக் கம்பி குடுத்தாங்கோ. ஆறு கம்பிய, உப்புச் சேத்துல மொளைக்குமே உமரிச்செடி, அதுக்குள்ள நட்டேன், ஆறு வெறும் சேத்துல. அமாவாசைக்கு அமாவாசை, நாலு வருசம், ஒண்ணு உடல. மேடத்துக்கு ஸ்கேல்ல அளந்து போன்ல சொல்லுவேன். எனக்குன்னு விரல் அகலம் வச்சு, விரக்கடைக் கணக்குல அளந்து என் நோட்ல எழுதிக்குவேன். நமக்கு அதான் புரியும்.

ஆமா, செடி இருந்தா வித்தியாசந்தான். உள்ள வர்ற தண்ணிய உமரி ஓட உடாது. தண்ணி நின்னா வண்டல் கீழ எறங்கிடும், வேரு புடிச்சுக்கும். அங்க சேறு நாலு விரக்கடை ஏறிச்சு. வெறும் சேத்துல ஒண்ணு கொறஞ்சே போச்சு. அதான் சார் ஓடை. எங்க படகு போற வழி.

இப்ப ஒரு கம்பெனி, அந்த எடம் தூந்து தரையாயிடுச்சு, மண்ணு கொட்டி ஷெட் போட்றோம்னு கலெக்டருக்கு எழுதிக் குடுத்துக்கீது. கூட ஒரு தாளு. அங்க மீன் புடிக்கிற திருமலையே அளந்ததுன்னு என் பேரப் போட்டுக்கீது. எண்ணிப் பாத்தேன், ஆறு கம்பிதான். எல்லாம் உமரிக்குள்ள நட்டது. மத்த ஆறு எங்க?

மேடமா? நானும் அப்பிடித்தான் நெனச்சேன். போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். பாவம், அழுதுட்டாங்கோ. அப்பறம் கண்ணாடி மாட்டிக்கினு பாக்குறேன், தாள்ல விரக்கடைன்னு கீது. மேடத்துக்கு நான் விரக்கடைக் கணக்கு சொன்னதே இல்ல சார். அது என் நோட்ல மட்டுந்தான். நோட்டு சாமி படத்துக்குப் பின்னால வச்சிருப்பேன். ஊட்ல நாங்க ரெண்டே பேரு. நானு, எம்பொண்ணு பிரேமா.

கும்மிடிப்பூண்டில, அந்தக் கம்பெனி ஆபீஸ்லதான் வேல பாக்குது. தை மாசந்தான் பெர்மனென்ட் ஆச்சு.

இதோ, நோட்டு. பன்னெண்டு கம்பியும் கீது. இதைக் குடுத்தா, இந்த நோட்டுக் கணக்கு கம்பெனிக்கு எப்பிடிப் போச்சுன்னுதான் மொத கேப்பாங்கோ.

இன்னும் ஒண்ணு வச்சுக்குங்க. காலைல பிரேமாதான் கட்டிக் குடுத்துச்சு. எங்க கெளம்பினேன்னு கேக்கல சார். எப்பவும் கேக்கும்.