பதினோரு விநாடிப் பதிவு

அந்த அறையில் ஏசி எப்போதுமே கொஞ்சம் அதிகம். அண்ணிக்கு நான்தான் போர்வை போர்த்திவிட்டேன்.

"நீ இருக்கும்போது எனக்கென்னப்பா பயம்" என்றார்.

எழுதிக்கொள்கிறீர்களா, சார்? மெதுவாகவே சொல்கிறேன்.

கர்ப்பப்பையில் கட்டி. கத்தி வைக்காமல், ஒலி அலைகளை ஒரே புள்ளியில் குவித்து, உள்ளேயே சுட்டுக் கருக்கும் சிகிச்சை. சூடு எங்கே விழுகிறது என்று நொடிக்கு ஆயிரக்கணக்கான ஸ்கேன் படங்கள் எடுத்துக் கண்காணிப்பது என் கருவி. ஆறு வருட உழைப்பு. சூடு இம்மி விலகினாலும் திரை சிவந்து, சிகிச்சையை அதுவே நிறுத்திவிடும்.

சிக்கல் என்னவென்றால், ஒரு வருடமாக எதுவும் விலகவில்லை. டாக்டர் கைதேர்ந்தவர். "திருடனே வராத தெருவுக்கு வாட்ச்மேன் எதுக்குய்யா?" என்று சிரிப்பார். மாதக் கடைசியில் கருவியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

ஆக, ஒரு திருடன் வேண்டியிருந்தது. முன்பின் தெரியாதவர்களை வைத்துச் செய்ய மனம் வரவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை. அண்ணியை அந்த ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னது நான்தான்.

டாக்டர் குறி வைத்துவிட்டுப் போன் பேச வெளியே போனார். குறியை இரண்டு விரற்கடை நகர்த்தினேன், குடல் பக்கமாக. தானாக நிறுத்தும் இணைப்பை முன்பே கழற்றியிருந்தேன். வலித்தால் அழுத்தச் சொல்லி நோயாளி கையில் ஒரு பொத்தான் தருவார்கள், அதன் வயரையும் பிடுங்கியிருந்தேன்.

சூட்டை முடுக்கினேன். கண் சிமிட்டுவதற்குள் திரை சிவந்துவிட்டது. அப்போதே நிறுத்தியிருக்கலாம்தான். முழுப் பதிவு வேண்டுமே.

அண்ணி பொத்தானை அழுத்தினார். "தம்பி, எரியுது." மறுபடி அழுத்தினார். "நிறுத்துப்பா, உள்ள வேகுதுப்பா." அப்புறம் வார்த்தை வரவில்லை, வெறும் அலறல். அசையாமலிருக்கக் கையைக் கட்டியிருந்த பட்டையில் உரசி மணிக்கட்டுத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. படம் கலங்கக் கூடாதென்று இடுப்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். குடல் சுவர் வெந்து ஓட்டை விழுவது படம் படமாகத் தெரிந்தது. பதினோரு விநாடி. டாக்டர் ஓடி வருவதற்குள் குறியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் இறந்துபோனார். "நீ பக்கத்துல இருந்துமாடா இப்படி ஆச்சு?" என்று அண்ணன் என் தோளில் சாய்ந்து அழுதார்.

பதிவை டாக்டரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை பார்த்தார். "சிவப்பு வந்தப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன்யா நிறுத்தல?" என்றார். சூடு விலகியதைக் கருவி கண்டுபிடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நேராக உங்களுக்குப் போன் செய்துவிட்டார்.

ஆமாம், அண்ணியைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அண்ணன் வெளியே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அவருக்கு அந்தப் பதிவை ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள், சார். எவ்வளவு தெளிவாக வந்திருக்கிறது என்று பார்த்தால் புரிந்துகொள்வார்.