சனிக்கிழமை வந்த எலி

யமுனா: ...அப்ப இந்த வருஷமும் முடியாதுங்கறீங்க.

பூவரசன்: முடியாதுன்னு நான் எங்க மேடம் சொன்னேன்? அவசரம் வேண்டாம்னேன்.

யமுனா: எனக்கு முன்னாடி இருந்த ஐ.டி. மேனேஜர்கிட்டயும் இதையேதான் சொல்லியிருக்கீங்க, பூவரசன்.

பூவரசன்: அவர் தலையாட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவார். நல்ல மனுஷன்.

யமுனா: நான் சென்னையிலேருந்து திருச்சிக்கு டீ குடிக்க வரலை. நாலு மணிக்கு எம்.டி. கூப்பிட்டிருக்கார். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் எல்லாம் புது நெட்வொர்க் அட்ரஸுக்கு மாறியாச்சான்னு கேப்பார். இல்லைன்னா என்னை பெர்மனன்ட் பண்ண மாட்டார்.

பூவரசன்: பழைய அட்ரஸுக்கு என்ன குறைச்சல்?

யமுனா: உலகத்துல தீர்ந்து போச்சு.

பூவரசன்: உலகத்துல தீரட்டும். நமக்கு வெளியில ஒரே ஒரு அட்ரஸ். அதுக்குப் பின்னாடி முன்னூறு கம்ப்யூட்டர் ஒளிஞ்சிருக்கு. ஒரே வாசல், உள்ள ஏகப்பட்ட குடித்தனம். ஒரு சண்டை உண்டா?

யமுனா: சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு விளக்கமா...

பூவரசன்: இப்ப லேப்லேருந்து அமலராணி சிஸ்டர் போன் பண்ணி, பிரிண்டர் வரலைம்பாங்க. அதோட அட்ரஸைப் பத்து, நாலு, ரெண்டு, ஏழுன்னு படுத்துக்கிட்டே சொல்லுவேன். உங்க புது அட்ரஸ் எவ்வளவு நீளம்? எழுத்து, நம்பர், நடுநடுவுல ரெண்டு ரெண்டு புள்ளி...

யமுனா: எட்டுத் துண்டுதான்.

பூவரசன்: சிஸ்டர் அதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் ஸ்ரீரங்கம் போய் பெருமாளைக் கும்பிட்டுட்டு, புளியோதரையும் வாங்கிட்டு வந்துருவேன்.

யமுனா: அதை யாரும் படிக்கவே வேணாம். பிரிண்டர் பேரைப் போட்டா கம்ப்யூட்டரே தேடிக்கும்.

பூவரசன்: தேடிக்கும். கிடைக்கலைன்னா போன் எனக்குத்தானே வரும்? மாத்தி நல்லா ஓடினா யாரும் மாலை போட மாட்டாங்க. நின்னு போனா மொத்த ஆஸ்பத்திரியும் என்னைத் திட்டும். ஓடுறதைத் தொடக்கூடாது மேடம்.

யமுனா: இருக்கிறதையாவது ஒழுங்கா பார்த்தீங்களா? போன சனிக்கிழமை லேப்ல எலி கேபிளைக் கடிச்சிடுச்சுன்னு எம்.டி.கிட்ட திட்டு வாங்கினீங்களாமே.

பூவரசன்: அது... பெரிய எலி மேடம். விடுங்க.

யமுனா: சரி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

பூவரசன்: சொல்லுங்க.

யமுனா: அதே சனிக்கிழமை, நீங்க மச்சினி வளைகாப்புன்னு காட்டூர் போயிருந்தப்ப... லேப் பூராவையும் நானே புது அட்ரஸுக்கு மாத்திட்டேன். பழசை அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

பூவரசன்: ...ஓ.

யமுனா: ஒரு வாரமா ஓடுது. ஒரு புகார் இல்லை. நீங்க காட்டின பூச்சாண்டி எதுவும் வரலை. நாலு மணிக்கு எம்.டி.கிட்ட அதைத்தான் சொல்லப் போறேன்.

பூவரசன்: அதுக்கப்புறம் திரும்ப உள்ள போய்ப் பார்த்தீங்களா?

யமுனா: நல்லா ஓடுறதை எதுக்குத் தொட...

பூவரசன்: ம்.

யமுனா: என்ன ம்?

பூவரசன்: எம்.டி.கிட்ட அதை மட்டும் சொல்லாதீங்க.

யமுனா: ஏன், உங்க வண்டவாளம் தெரிஞ்சிடும்னா?

பூவரசன்: லேப் பிரிண்டர் கிழடு மேடம். அதுக்குப் பழைய அட்ரஸ் மட்டும்தான் தெரியும். அன்னிக்கு ஒரு ரத்த ரிப்போர்ட்டும் வெளிய வரலை. அமலராணி சிஸ்டர் போன்லயே அழுதுட்டாங்க. வளைகாப்புப் பந்தியில பாதியில எழுந்து ஓடி வந்து, எல்லாத்தையும் திருப்பி வச்சேன்.

யமுனா: அப்ப ஒரு வாரமா ஓடுறது...

பூவரசன்: பழசுதான்.

யமுனா: என்கிட்ட ஏன் சொல்லலை?

பூவரசன்: சொன்னா, சரி பண்றேன்னு மறுபடியும் தொட்டிருப்பீங்க.

யமுனா: ...அப்ப அந்த எலி?

பூவரசன்: உங்க பாஸ்வேர்டைப் போட்டு உள்ள வந்த எலின்னு எம்.டி.கிட்ட சொல்ல முடியுமா, மேடம்?