மிதவை கட்டிய லேப்டாப்

“இது முழுகாது” என்று ஓடுகிற பஸ்ஸில் ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ். முன் சீட்டில் ஒரு அப்பாவும் வேலைக்குப் போகிற மகளும். அவள் மடியில் லேப்டாப் பை. அதன் இரண்டு பக்கமும் மீன்வலையில் கட்டுகிற மிதவைகள் தொங்கின.

“ஆபீஸ்ல சிரிப்பாங்க நைனா. அவுத்துடவா?”

“அவுக்காத. தெனம் படகுல ஏரியைத் தாண்டி வர்ற. தவறி வுழுந்தா இன்னா பண்ணுவ?”

“முழுகாதுன்னு உனக்கு எப்டித் தெரியும்?”

“நேத்து சாயங்காலம் ஏரில போட்டுப் பாத்தேன். வாத்து மாதிரி மெதந்துச்சு.”

“வெறும் பையைத்தானே?”

“வெறும் பை எதுவும் மெதக்கும். எடையோட போட்டாதானே மிதவை தாங்குதான்னு தெரியும்?”

அவள் அவசரமாக ஜிப்பைத் திறந்தாள்.

“காலைல ஆன் ஆவல. சார்ஜ் இல்லன்னு நெனச்சேன். இது ஆபீஸ் லேப்டாப் நைனா!”

“பயப்படாத கண்ணு. உப்புத்தண்ணி பட்டா கெட்டுடும்னு எனக்குத் தெரியாதா? படகு இன்ஜினைக் கழுவுற மாதிரி, நல்ல தண்ணில ரெண்டு வாட்டி அலசிட்டுதான் உள்ள வெச்சேன்.”