அழையாமல் வருகிறவர்கள் அளிக்கும் மடல்

ஒக்லாந்துக்குத் தெற்கே, தகனினி என்ற ஊரைத் தாண்டித் தார் வீதி முடிந்து சரளை தொடங்கும் ஊரான ஹாடிங்ஸ் கிரீக்கின் ஊர்ச்சபைச் செயலாளராகப் பதினாறு ஆண்டுகள் பணிபுரிந்து இன்று ஓய்வுபெறும் உயர்திரு ஏரம்பமூர்த்தி அவர்களுக்கு, 1989 ஒக்டோபர் 27ஆம் நாள், ஊர் மண்டபத்தில் சபை ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்.

மதகு காத்த மாண்பாளரே! மேடென்றும் பள்ளமென்றும் பாராமல் மேய்ச்சல் நிலமெல்லாம் மிதித்து நடந்த மேலவரே! வழிதவறிய மாடுகளையும் வாய்தவறிய மனிதர்களையும் ஒரே பொறுமையோடு வேலிக்குள் கொண்டுவந்து சேர்த்த வித்தகரே! வெள்ளம் வந்த நாளில் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் முதலில் இறங்கிய வீரரே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

மூன்று வணக்கம் சொல்வது என் சொந்த ஊரான கிள்ளானில் எங்கள் தமிழ்ப்பள்ளி வழக்கம் ஐயா. அங்கே தலைமையாசிரியர் ஓய்வுபெற்றால் இப்படி ஒரு மடல் எழுதி, ஓரமெல்லாம் பூங்கொடி வரைந்து, மேடையேறி வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுப்போம். ஒருநாள் தேநீர் வேளையில் இதைச் சொன்னபோது நம் சபைத் தலைவர் ஹார்ப்பர், "அப்படியே செய் ரோஸ்மேரி, உங்கள் மொழியிலேயே செய்" என்றார். அவருடைய பேச்சு சற்றுமுன் முடிந்தது, சுவர்க்கடிகாரமும் கொடுத்தாயிற்று, இப்போது என் முறை. இந்த மண்டபத்தில் கூடியிருக்கும் இத்தனை பேரில் இந்த மடல் விளங்குகிறவர் நீங்கள் ஒருவர். வாசிக்கிறவள் நான் ஒருத்தி. முன்வரிசையில் ஹார்ப்பர் தலையாட்டிக்கொண்டிருக்கிறார், பாருங்கள். ஒரு சொல்லும் விளங்காமல் இவ்வளவு அழகாகத் தலையாட்டுவதற்கு நெடுங்காலம் சபைத் தலைவராக இருந்திருக்க வேண்டும்.

செயல்வீரரே!

பென்ரோஸ் கிடங்கு ஒன்றில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த நீங்கள், பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸும் போகாத இந்த ஊருக்கு நடந்தே வந்து நேர்முகத்தில் அமர்ந்தீர்களாம். யாழ்ப்பாணத்தில் கிராமச்சபையில் வேலைசெய்த அனுபவம் உண்டு என்று நீங்கள் சொல்ல, "அங்கே என்ன பிரச்சினைகள் வரும்?" என்று அவர்கள் கேட்க, "வாய்க்கால், வேலி, நாய், சுடலை" என்று நீங்கள் பதில் சொன்னீர்களாம். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இங்கேயும் அந்த நான்குதான். கூடுதலாக ஒன்று உண்டென்றால் அது மேய்ச்சல் நிலத்தில் காடாய் மண்டும் கோர்ஸ் என்ற முட்செடி.

சபையில் நீங்கள் கொண்டுவந்த வழக்கம் ஒன்றை இந்த ஊர் மறக்காது. மழைநீரைப் பற்றிய தீர்மானத்தை மழையில் நின்றுதான் போடவேண்டும் என்றீர்கள். மேல்பண்ணைக்காரர் மதகை அடைத்துவிட்டார் என்று கீழ்ப்பண்ணைக்காரர் முறையிட்டபோது, கணப்படுப்போரம் நடக்கவேண்டிய கூட்டத்தை வாய்க்கால் கரைக்கு மாற்றினீர்கள். உறுப்பினர்கள் குடையோடு வந்தார்கள். காற்றில் குடைகள் ஒவ்வொன்றாக மறுபக்கம் திரும்பின. வழக்கமாக ஒரு மாலை முழுக்க இழுபடும் விவாதம், கழுத்துக்குள் தண்ணீர் இறங்கியதும் கையுயர்த்தலில் முடிந்தது. ஒரே வண்டி போகும் பாலத்தின் கைப்பிடி உடைந்தபோது கூட்டம் பாலத்தில் நடந்தது. மயானத்து வேலிக்குக் கூட்டம் மயானத்தில் நடந்தது. நாற்காலியில் சாய்ந்து பேசுகிற சுகத்தை ஒரு சபையிடமிருந்து பறித்த பாவம் உங்களையே சேரும், அதன் புண்ணியமும் உங்களையே சேரும்.

அலுவலகம் பூட்டியபின் சபைக்கு வரும் அழைப்பெல்லாம் உங்கள் வீட்டுத் தொலைபேசியில் மணியடிக்கும்படி ஏற்பாடு செய்ததும் நீங்களே. தண்ணீர்த் தாங்கி ஒழுகினாலும், பசு வீதியில் படுத்தாலும், அயலவருடைய நாய் ஆட்டுக்குட்டியைக் கடித்தாலும், ஞாயிறென்று பாராமல் உங்களைத்தான் எழுப்பினார்கள். சிலர் பேச ஆளில்லாமல் பசுவைச் சாட்டாக வைத்து அழைத்தார்கள் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தப் பசுவைப் பற்றி நீங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இந்த மாதத்தோடு அந்த மணியும் நிற்கிறது. நாடெங்கும் சிறிய சபைகளையெல்லாம் சேர்த்துப் பெரிய சபைகள் ஆக்குகிறார்கள். ஹாடிங்ஸ் கிரீக் ஊர்ச்சபை என்று ஒன்று இனி இல்லை. முறைப்பாட்டு எண் பெரிய அலுவலகத்துக்குப் போகிறது. எனக்கு அங்கே ஒரு மேசை தருவதாகச் சொல்கிறார்கள். சரளை வீதியைச் சமன்செய்யும் கிரேடர் வண்டி ஓட்டும் கொலினுக்கும் வேலை உண்டாம். சபை போனால் எங்களுக்கு இடம் மாறுகிறது. உங்களுக்கு அப்படியல்ல என்பதை நாங்கள் அறிவோம்.

என் அன்புக்குரிய ஐயா!

நான் இங்கே தட்டச்சு வேலைக்கு வந்த முதல் நாள், "பிள்ளை தமிழோ?" என்று கேட்டீர்கள். "ஆமாங்க ஐயா" என்றேன். "ஓம் எண்டு சொன்னால் வாய் நோகுமோ?" என்று சிரித்தீர்கள். அன்றுதொட்டு இந்த அலுவலகத்தில் நாம் இருவரும் தமிழில் கதைத்தோம், அல்லது பேசினோம். இன்றுவரை எது சரியென்று முடிவாகவில்லை. அப்படிக் கதைத்த ஒரு மத்தியானத்தில் நீங்கள் சொன்ன ஒன்றைத்தான் இந்த மடலில் எழுத வந்திருக்கிறேன். பாராட்டு மடலில் இதை எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். எழுதாவிட்டால் இதற்குச் சட்டம் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

நீங்கள் வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஹார்ப்பரின் தகப்பனார் இறந்துபோனார். தபால்காரர் வாயால் செய்தி கேட்டதும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, நேரே அவர்கள் வீட்டுக்குப் போய், சமையலறைக் கதவோரம் கிடந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். யாரும் உங்களை அழைக்கவில்லை. சாவு வீட்டுக்கு யார் அழைப்பார்கள்? கேள்விப்பட்டால் போவதுதானே நம் முறை. ஆனால் ஹார்ப்பர் அழுது சிவந்த கண்களோடு வந்து, "மூர்த்தி, மதகு விஷயமா?" என்று கேட்டார். இல்லையென்று தலையசைத்தீர்கள். "வீதி விஷயமா?" அதற்கும் தலையசைத்தீர்கள். தேநீர் தந்தார்கள், தொடவில்லை. இந்த மனிதருக்கு என்னதான் வேண்டும் என்று பெண்கள் உள்ளே கிசுகிசுத்தார்கள். பொழுது சாயும்வரை அப்படியே இருந்தீர்கள். உங்களுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவர்கள் தனியே இருக்கக்கூடாது என்பது மட்டுமே வேண்டியிருந்தது.

அது அவர்களுக்கு விளங்க இரண்டு மூன்று சாவுகள் ஆயின. அதன்பிறகு இந்தப் பள்ளத்தாக்கில் யார் இறந்தாலும் சமையலறைக் கதவோரம் ஒரு நாற்காலியை உங்களுக்கென்று போட்டுவைத்தார்கள். "மூர்த்தி வந்துவிட்டாரா?" என்பது இங்கே சாவு வீட்டுக் கேள்வியாகவே ஆகிவிட்டது. நான் வேறு சமயத்தவள், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள். ஆறுதல் என்று அங்கே கேட்ட சொல்லை நீங்கள் செய்யக் கண்டேன்.

பிறகு, எண்பத்தாறாம் ஆண்டு, உங்கள் இல்லத்தரசி அன்னபாக்கியம் அம்மாள் காலமானார்.

அப்போது நான் இங்கே இல்லை, கேட்டறிந்ததைத்தான் சொல்கிறேன். தகனச்சாலைக்கு ஊர் முழுவதும் வந்தது. கறுப்புக் கோட்டுகளோடு கடைசி வரிசைகளில் நின்றது. ஒடாஹுஹுவிலிருந்து நம்மவர்கள் நான்கைந்து குடும்பங்கள் வந்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுவரை கூடவிருந்து, வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் திரும்பிப் போனார்கள். அதன்பின் நீங்கள் இந்த ஊருக்காகக் காத்திருந்தீர்கள். யாருடைய வீட்டிலெல்லாம் போய் உட்கார்ந்தீர்களோ அவர்களுக்காக, இந்த மண்டபத்து மடக்கு நாற்காலிகளை இரவல் வாங்கி விறாந்தையில் விரித்து வைத்துக் காத்திருந்தீர்கள். கார் வரும் சத்தம் கேட்கும். எழும்புவீர்கள். படியில் எதையோ வைத்துவிட்டுக் கார் திரும்பிப்போகும் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் மூடிவைத்த பாத்திரத்தில் சூடான இறைச்சிக்கறியும், நான்கு நல்ல சொற்கள் எழுதிய அட்டையும் இருக்கும். சாவுத் துடக்குள்ள வீட்டில் மரக்கறிதான் என்பது பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"சனம் வரேல்லை, பிள்ளை. நான் ஆரையும் பிழை சொல்லேல்லை. நல்ல சனம். ஆனா வரேல்லை." இதை நீங்கள் என்னிடம் சொன்னபோது சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தீர்கள். நானும் அன்று சாப்பிடவில்லை.

பிள்ளைகள் இல்லாத வீடு. ஒடாஹுஹுக்காரர்கள் தங்களோடு வந்து இருக்கச் சொல்லியும், அம்மாள் புழங்கிய வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்றுவிட்டீர்கள். சென்ற வாரம், "வேலை முடிஞ்சா என்ன செய்வீங்க ஐயா?" என்று கேட்டேன். "கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு இருப்பன். இனி ஆர் வரப்போகினம்? போனும் அடியாது" என்றீர்கள். ஒரு மனிதர் தன் கதவைச் சாத்திக்கொள்வதாகச் சொல்லும்போது கடிகாரம் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

அந்தக் கோபத்தோடு ஹார்ப்பரிடம் போனேன். "பதின்மூன்று ஆண்டுகள் உங்கள் வீடுகளில் வந்து உட்கார்ந்தவர் வீட்டுக்கு ஒருவராவது ஏன் போகவில்லை?" என்று கேட்டேன். தட்டச்சர் கேட்கிற கேள்வியா இது? அவர் கோபிக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவர் கூப்பிடுவார் என்று காத்திருந்தோம் ரோஸ்மேரி. துக்கத்தில் இருக்கிறவரை அழைக்காமல் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நான் இரண்டு தடவை அவர் வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன். விறாந்தையில் நாற்காலிகள் போட்டிருந்தன. அவருடைய ஆட்களுக்கு என்று நினைத்தேன்."

ஐயா, அந்த நாற்காலிகளைப் பார்த்திருக்கிறார்கள். தங்களுக்கென்று தெரியாமல் திரும்பியிருக்கிறார்கள். அழைக்காமலே வருவார்கள் என்று நீங்கள் உள்ளே இருந்தீர்கள். நீங்கள் அழைத்தால் வரலாமென்று அவர்கள் வெளியே இருந்தார்கள். இரண்டு பக்கமும் மரியாதை, நடுவில் ஒரு கதவு, மூன்று ஆண்டுகள். "எங்கள் ஆட்கள் அதற்குக் கூப்பிடமாட்டார்கள், சார்" என்று சொன்னேன். ஹார்ப்பர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "இப்போது போனால் ஏற்பாரா?" என்றார். தெரியாது என்றேன். இந்த நிமிடம்வரை எனக்கு அது தெரியாது.

ஆகவே கேளுங்கள், பெரியவரே! இந்த விழா முடிந்ததும் இங்கே இருக்கும் ஒருவரும் தங்கள் வீட்டுக்குப் போகமாட்டார்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஓய்வுபெற்ற செயலாளரைக் கொண்டாட அல்ல, அன்னபாக்கியம் அம்மாளுக்குத் துக்கம் விசாரிக்க. கேக் வேண்டாம், பூங்கொத்து வேண்டாம், பாத்திரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார்கள். அதற்காகக் கொலின் இன்று ஓட்டையில்லாத காலுறை போட்டு வந்திருக்கிறார். நீங்கள் அம்மாளைப் பற்றிச் சொன்னால் கேட்பார்கள். சொல்லாவிட்டால் பேசாமல் இருப்பார்கள். பேசாமல் இருப்பது எப்படியென்று அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதை நீங்களே அவரவர் வீட்டில் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள்.

ஒன்றுமட்டும் முன்கூட்டியே சொல்லவேண்டும். எழும்பும்போது ஒருவரும் உங்களிடம் விடைபெறமாட்டார்கள். இரவு வணக்கம் என்றோ, நன்றி என்றோ, பிறகு சந்திப்போம் என்றோ சொல்லாமல், ஒவ்வொருவராக எழுந்து பேசாமல் போவார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லிப் பழகிய சனத்துக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மரியாதை தெரியாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நானும் சொல்லாமல்தான் போவேன்.

நோயின்றி, நொடியின்றி, நிறைந்த ஆயுளோடு நீங்கள் வாழவேண்டும் என்று இந்தக் கூட்டம் முழுமனதோடு வேண்டுகிறது. என் கடவுளிடம் நானும் வேண்டுகிறேன். இந்த மடலைச் சட்டத்தோடு உங்கள் கையில் தருகிறேன். அழுவதென்றால் அழுங்கள், யாரும் பார்க்காததுபோல் இருப்பார்கள். பிறகு எழும்பி முன்னே போங்கள், ஐயா. வீட்டுக்காரர்தான் முதலில் போய்க் கதவைத் திறந்துவைக்க வேண்டும்.

இங்ஙனம்,
இதில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாமல், இதில் இருப்பது இன்னதென்று நன்றாகத் தெரிந்து கையெழுத்திட்ட
ஹாடிங்ஸ் கிரீக் ஊர்ச்சபை ஊழியர்கள்

எழுதி வாசித்தவள்: ரோஸ்மேரி, தட்டச்சர்