பதினாறு நாடுகளின் மௌனம்

சிப்பி வேகவைக்கும்போது வெண்ணெயை முதலில் போடுவதா, செலரித் தண்டையா என்பதில் பிரஸ்ஸல்ஸ்காரர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அந்தச் சர்ச்சை எனக்குப் பயன்பட்டது, அய்யா.

விசாரணைக்கென்று வந்த நீங்கள் இந்தக் கட்டடத்துக்குப் புதியவர். எங்கள் ராணுவக் கூட்டணி முடிவெடுக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், அழகான ஏற்பாடு. இங்கே யாரும் கைதூக்கி வாக்களிப்பதில்லை. பதினாறு நாடுகளுக்கும் வரைவு போகும். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லோரும் ஏற்றதாகப் பொருள். ஒரு நாடு மறுத்தாலும் வரைவு செத்தது. மறுப்பைத் தொலைபேசியில்தான் சொல்ல வேண்டும். காகிதமென்றால் பத்திரிகைக்காரர் கைக்குப் போய்விடுகிறது. அந்த ஒரே தொலைபேசி, மறுப்புகளைக் குறித்துக்கொள்ளும் எழுத்தர் வீர்லாவின் மேசையில் இருந்தது.

வரைவு எழுதுவது என் வேலை. எதிரே ரஷ்யர்கள் நின்றவரை, பயத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். பெர்லின் சுவர் விழுந்ததும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க ஆரம்பித்தார்கள். ஜெர்மன் மண்ணில் நிற்கும் குறுந்தூர ஏவுகணைகள் ‘தக்க தருணம் வரும்வரை’ அங்கேயே இருக்கும் என்று எழுதினேன். வெள்ளி மதியம் ஜெர்மன் பிரதிநிதி டால்கே என்னை நடைகூடத்தில் மடக்கினார்.

“யோவ், அது பறந்தா கிழக்கே எங்க சித்தப்பா வீட்டுக் கூரையிலதான்யா விழும். அடுத்த மாசம் அவரு பொண்ணுக்குக் கல்யாணம். மொய்க்குப் பதிலா இதைக் குடுக்கவா?”

“அஞ்சு மணிக்குள்ள மறுப்பைச் சொல்லிடுங்க சார்.”

நாலரைக்கு நான் அந்தத் தொலைபேசியில் வீர்லாவை அழைத்து, சிப்பி எப்படிச் செய்வது என்று கேட்டேன்.

“வெண்ணெய்தான் மொதல்ல. பிரெஞ்சு பேசுற உங்களுக்கெல்லாம் யாரு சார் சமையல் கத்துக்குடுத்தா?”

“எங்கம்மா செலரிதான் போடுவாங்க.”

“அதான் நீங்க இப்படி இருக்கீங்க.” சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “வைக்கட்டுமா சார்? யாராச்சும் கூப்பிடுவாங்க” என்றாள்.

“ஒரே நிமிஷம்மா. உப்பு எப்போ?”

உப்பிலிருந்து ஒயினுக்குப் போனோம். ஐந்து அடித்தது. பதினாறு நாடுகளும் ஏற்றன.

திங்களன்று கூட்டத்தில், “நீங்க மறுப்பீங்கன்னுதானே நாங்க சும்மா இருந்தோம்!” என்று இத்தாலிக்காரர் டச்சுக்காரரிடம் பாய்ந்தார். “லைனே கிடைக்கல” என்று டால்கே மேசையைக் குத்தினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவருடைய அரசாங்கம் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது.

பிறகுதான் விசாரணை. வேண்டுமென்றே லைனை அடைத்தாள், கூட்டாளிகளுக்குள் சண்டை மூட்ட மாஸ்கோ வைத்த ஆள் என்று வீர்லாவைச் சிறையில் அடைத்தீர்கள். அவள் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். என்னைக் கேட்டபோது, எனக்குச் சமையலில் அக்கறையே இல்லை என்றேன். அது உண்மை. அவளுடைய இரண்டு பிள்ளைகளை இப்போது தங்கை பார்த்துக்கொள்கிறாளாம். பொறுப்பான பெண் என்று கேள்வி.

நான் வந்தது அதற்காக அல்ல. மாஸ்கோவின் கை பட்ட வரைவு என்று அதை ரத்து செய்யப் போகிறீர்களாம். அது தவறு. அதில் என் கை தவிர வேறு கை படவில்லை. இத்தனை வருடத்தில் நான் எழுதியதில் ஒரு சொல்கூட மாறாமல் நிறைவேறியது இது ஒன்றுதான். பதினாறு நாடுகள் மனமுவந்து ஏற்ற வாக்கியத்தை நீங்கள் எப்படி நீக்க முடியும்?