மரியாதைக்கு ஒரு சாரி

சிம்பாங் ரெங்கம் செம்பனைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு, வேறு வேலை தேடி ஸ்கூடாய் நகரத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் நீலத் தொழிற்சாலைச் சட்டையோடு இரண்டு பெண்கள்.

"மெஷின் உடைஞ்சதுக்கு நீ ஏன்டி கம்பெனி போன் குரூப்புல சாரின்னு போட்ட?" என்றாள் மூத்தவள்.

"பாஸ் கோவமா இருந்தாரு. மரியாதைக்குப் போட்டேன்க்கா."

"அலமாக்! இங்கிலீஷ்ல அப்படி எழுதிக் குடுத்தா, நீதான் உடைச்சேன்னு ஒத்துக்கிட்டதா எடுத்துப்பாங்க லா."

"நான் அந்த மெஷின் பக்கமே போகலையே!"

"அத இப்ப யாரு கேப்பா?"

சின்னவளின் போன் சிணுங்கியது. படித்தாள்.

"நாளையிலருந்து வேலைக்கு வர வேணாமாம்."

உடனே ஏதோ தட்டி அனுப்பினாள்.

"என்னடி போட்ட?"

"தேங்க் யூன்னு."

மறுநாள் காலை ஸ்கூடாய் தொழிற்சாலை ஒன்றில், ஓர் ஆள் குறைகிறது என்று அதே நீலச் சட்டையை எனக்குக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டேன்.